பதினொரு புள்ளியில் ஒரு முகம்

வருகிற திங்கட்கிழமை ஸ்டூடியோவின் சாவிக்கொத்து புதிய உதவியாளர்களான உங்கள் மூன்று பேரின் கைக்கு வருகிறது. அதோடு டெனிஷ் மொழியில் நாற்பது பக்கக் கையளிப்பு ஆவணம் ஒன்றும் வரும். அதில் ஆறு பக்கம் கேபிள் சுருட்டுவது பற்றி. இரண்டு பக்கம் கோப்பி இயந்திரம் பற்றி. "ஏதாவது பிழையாகிவிட்டால்" என்ற தலைப்பின் கீழ் ஒரேயொரு வரி: பொறுப்பானவரிடம் சொல்லவும். ஏழு வருடமாக அந்தப் பொறுப்பானவர் நான்தான். இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறேன். வயது இருபத்தொன்பது. சிரிக்காதீர்கள். கலைப்பீட மாணவர்களோடு ஏழு வருடம் இருப்பது எங்கள் ஊர் பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இருப்பதற்குச் சமம். அங்கேயாவது காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள்.

நாற்பது பக்கத்தில் அடங்காத ஒன்றைச் சொல்லத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாமார் கேட்பதும் நல்லதுதான். "மகள் என்ன படிக்கிறா?" என்று சனம் கேட்கும்போதெல்லாம் "கொம்பியூட்டர்" என்று சொல்லிச் சமாளிக்கிற அவர்களுக்கு ஒரு விளக்கமாவது கிடைக்கும். மூன்றாமவருக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

கலைப்பீட மாணவர்களுக்கென்று "நியூ மீடியா ஸ்டூடியோ" திறக்கப்பட்டபோது, அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. திறப்பு விழாவில் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் "எல்லைகளைக் கடப்பது" பற்றிப் பேசினார்கள். ஒருவராவது கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லவில்லை. மூன்று அறைகள்: பச்சைச் சுவர் அறை, ஒலி அறை, இரண்டு பெரிய திரைகளோடு எடிட்டிங் அறை. மூன்றையும் சேர்த்ததைவிடப் பெரிதாக நான்காவதாக ஒரு சோபா மண்டபம். அதற்குப் பெயர் "சிந்தனை வெளி". மாணவர்கள் அதில் குறட்டை விட்டுச் சிந்தித்தார்கள்.

இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? பதினைந்து வயதிலிருந்து, பிராண்டே தொடக்கம் பிரெடெரிசியா வரை நடந்த கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் கமரா பிடித்தவள் நான். "கமராப் பெட்டை" என்றால்தான் என்னைத் தெரியும். நேர்முகத் தேர்வில் "சமூகச் சடங்குகளை ஆவணப்படுத்தியிருக்கிறேன்" என்றேன். கேள்வி கேட்ட மூன்று பேரும் தலையை ஒரு பக்கம் சாய்த்து நெகிழ்ந்தார்கள். மணமகளின் முகத்தை ரோசாப்பூவுக்குள் போட்டுச் சுழற்றியதை நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஆனால் என் தொழிற்கல்வி அதுதான். எங்கள் கலியாண வீடியோவுக்கு இரண்டு சட்டங்கள். வந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது திரையில் தெரிய வேண்டும். தெரிகிற ஒவ்வொரு முகமும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தால் வெளிச்சமாக்கு. மங்கலாக இருந்தால் கூர்மையாக்கு. இல்லாவிட்டால் ஏழு வருடத்துக்குப் பிறகும் ஒரு மாமா போன் எடுத்துத் தன்னை ஏன் வெட்டினாய் என்று கேட்பார்.

இந்தக் கல்வியோடு வந்து முதலில் மெட்டேயிடம் மாட்டினேன். மெட்டே அப்போது கடைசி வருட மாணவி. பரீட்சைக்காக அவள் எடுத்த படத்தில் தண்ணீரில்லாத ஒரு நீச்சல் தடாகம் பதினான்கு நிமிடம் இருட்டாக, மங்கலாக, ஆடிக்கொண்டே இருந்தது. கோப்பு ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து, அவளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று நான் அதைத் திருத்திவிட்டேன். வெளிச்சம் ஏற்றினேன், ஆட்டத்தை நிறுத்தினேன், பின்னால் கேட்ட உறுமலைத் துடைத்தேன். தடாகம் கலியாண மண்டபம் போல மின்னியது. அந்த இருட்டைச் செய்ய அவளுக்கு ஐந்து மாதம் எடுத்திருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பரீட்சையில் எங்கள் லெக்டர், அதாவது மூத்த விரிவுரையாளர், திரையைப் பார்த்து அப்படியே நின்றார். பெயர் சொல்லவில்லை; நீங்களே கண்டுபிடிப்பீர்கள். எதைக் காட்டினாலும் "சுவாரசியம்" என்பார். தீயணைப்பு ஒத்திகையில் மணி அடித்தபோதும் அதைத்தான் சொன்னார். "இந்தக் கொடூரமான மகிழ்ச்சி," என்றார் அன்று, "இதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்." மெட்டேக்கு ஆகக் கூடிய புள்ளி கிடைத்தது. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு அவளும் ஸ்டூடியோ உதவியாளராகச் சேர்ந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். நான் படித்திருக்க வேண்டிய பாடம் அங்கேயே இருந்தது. ஆனால் பிழைக்குப் புள்ளி கிடைத்துவிட்டால் யார் பாடம் படிப்பார்கள்?

பிறகு அந்த மே மாதம் வந்தது. இலங்கையில் போர் முடிந்த மாதம்.

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. போர் முடிந்துவிட்டது என்று கொழும்பு சொன்னது. முடியவில்லை என்று பிராண்டேயில் சிலர் சொன்னார்கள். இரண்டு தரப்போடும் வாதாடாமல், ஆள் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்திலோ, இலங்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்கள். லெக்டர் தோளில் கை வைத்தார். "மிகவும் கடினமான காலம்," என்றார். பிறகு, கையை எடுக்காமலே, "இதை வைத்து ஒரு படைப்புச் செய்ய யோசித்தாயா?"

ஆள் எங்கே என்று கேட்டவர்களில் சாந்தி அன்ரி ஒருவர். எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறார். கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு தம்பி, நேசன். நேசனின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போரின் கடைசி நாட்களில் களப்புத் தண்ணீரைக் கடந்து வந்து, இராணுவம் காவல் காக்கும் முகாம் ஒன்றில் இருந்தார்கள். நேசன் வழியில் அவர்களை விட்டுப் பிரிபட்டுப் போனார். முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருந்த போனில், ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் நேரம் காலை பத்து மணிக்கு, அந்த மனைவி அன்ரியோடு ஐந்து நிமிடம் கதைப்பார். ஐந்து நிமிடமும் ஒரே கேள்விதான்: அவரைப் பற்றி ஏதும் தெரியுமோ?

ஒரு செவ்வாய்க்கிழமை அன்ரி வேலைச் சட்டையோடேயே ஸ்டூடியோவுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு டிவிடியை எடுத்தார்.

"பிள்ளை, இதிலை ஆறு செக்கன் இருக்கு. எங்கடை தொலைக்காட்சியிலை போனது, பக்கத்து வீட்டு ஆக்கள் பதிஞ்சவை. சனம் தண்ணிக்குள்ளாலை நடந்து வருது. இடுப்பிலை நீலச் சாரத்தோடை ஒராள் திரும்பிப் பாக்குது. அது நேசன்."

"வடிவாத் தெரியுதோ அன்ரி?"

"வடிவாத் தெரிஞ்சால் ஏன் ஒரு மணித்தியாலம் காரோடி உன்னட்டை வாறன்? பெருசாக்கு. துப்பறியிற நாடகங்களிலை கார் நம்பரையே எடுக்கிறாங்கள். உங்கடை கொம்பியூட்டர் அதைவிடப் பெருசா இருக்கு."

வெளியார் ஸ்டூடியோவைப் பாவிப்பதென்றால் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படைப்பின் தலைப்பு, ஆய்வுக் கேள்வி, இலக்குப் பார்வையாளர். மெட்டே நிரப்பத் தொடங்கினாள். தலைப்புக்கு "ஆறு செக்கன்". ஆய்வுக் கேள்விக்கு "இது யார்?" அதைப் பார்த்து லெக்டர் பின்னால் உணர்ச்சிவசப்பட்டதாகக் கேள்வி. இலக்குப் பார்வையாளரில் மெட்டே நின்றுவிட்டாள்.

"இந்தப் படம் ஆருக்காக எண்டு கேக்குது அன்ரி," என்றேன்.

"எனக்கு."

மெட்டே "1" என்று அடித்தாள். கணினி ஏற்கவில்லை. குறைந்தது பத்துப் பேர் வேண்டுமாம். மெட்டே பத்து என்று போட்டாள். படிவம் பச்சையாகியது.

"ஏலுமோ பிள்ளை?"

"ஏலும் அன்ரி."

தம்பி தங்கைமாரே, இந்தத் தொழிலில் மின்கசிவை விட ஆபத்தான பொருள் அந்தச் சொல்தான். "பாப்பம்" என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு இருபத்திநான்கு வயது. இரண்டு பெரிய திரைகள். டென்மார்க்கின் யூட்லாந்துப் பக்கம் முழுவதிலும் அப்படி ஒரு கணினியில் கை வைக்கக்கூடிய தமிழ்ப் பெட்டை நான் ஒருத்திதான். வாய் தானாகச் சொன்னது.

அன்ரி போன பிறகுதான் படத்தைப் போட்டுப் பார்த்தேன். யாரோ சிறிய கமராவில் எடுத்தது. அது இணையத்துக்குப் போய், அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போய், அங்கிருந்து டிவிடிக்கு வந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருந்தது. நீலச் சாரக்காரரின் முகத்தில் மிஞ்சியிருந்தவை அகலத்தில் பதினொரு திரைப் புள்ளிகள், அதாவது பிக்சல். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அதற்குள் கண் என்று ஒன்று இல்லை. கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்திலேயே போனை எடுத்து அன்ரியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் கோப்பி எடுத்து வந்து வேலையைத் தொடங்கினேன்.

அன்ரி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று நேசனின் கலியாணப் படம் ஒன்றைத் தந்திருந்தார். அதை வலது பக்கத் திரையில் போட்டேன். சும்மா ஒப்பிடத்தான். செவ்வாய்க்கிழமை ஒரு மூக்கின் நிழலைக் கண்டுபிடித்தேன். புதன்கிழமை கன்னத்து எலும்பு வந்தது. சரியாகத்தான் வருகிறதா என்று வலது திரையைப் பார்ப்பேன், இடது திரையில் கொஞ்சம் திருத்துவேன், மறுபடி வலது திரை. வியாழக்கிழமை காலை புருவத்துக்கு வந்தபோது, பதினொரு புள்ளியில் புருவத்துக்கென்று ஒரு புள்ளியும் மிச்சமில்லை. கலியாணப் படத்திலிருந்து எடுத்து வைத்தேன். இயல்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மங்கலாக்கினேன். வாழ்க்கையில் நான் ஒன்றை மங்கலாக்கியது அதுதான் முதல் தடவை.

மெட்டே பின்னால் வந்து நின்றாள்.

"இதை நீ கண்டுபிடித்தாயா, வரைந்தாயா?"

"உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தேன்."

"எதற்குள்ளே இருந்து?"

மதியச் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி எழுந்துவிட்டேன். தொழிலில் உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று வரும்போது பசித்தால், சாப்பிடாதீர்கள். இருந்து யோசியுங்கள்.

பின்னேரம் அன்ரி வந்தார். இந்த முறை அவரைக் காரில் கூட்டி வந்தவர் எங்கள் பிராண்டேத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அண்ணை. தலைவர் மாறுவார், பொருளாளர் மாறுவார், செயலாளர் அண்ணை மாறமாட்டார். முகத்தை ஒரு தாளில் அச்சடித்து மேசையில் வைத்தேன். அன்ரி குனிவதற்கு முன் அண்ணை குனிந்துவிட்டார்.

"நேசனேதான்! அச்சொட்டு! அந்தக் கண்ணைப் பாருங்கோ சாந்தி, அந்தக் கண்ணை!"

செயலாளர் அண்ணை நேசனை வாழ்நாளில் கண்டதில்லை. அவர் கண்டது, காரில் வரும்போது அன்ரி காட்டிய, நான் பார்த்துப் பார்த்து வரைந்த அதே கலியாணப் படத்தின் இன்னொரு பிரதியை.

அன்ரி தாளைக் கையில் எடுத்தார். நெடுநேரம் பார்த்தார். பெருவிரலால் ஒரு இடத்தை மறைத்தார், எடுத்தார், மறுபடி மறைத்தார். "நல்லாக் கஷ்டப்பட்டிருக்கிறாய் பிள்ளை," என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். அது சந்தோசம் என்று நினைத்தேன். நாங்கள் திரையைப் பார்த்தே பழகியவர்கள். எதிரே நிற்கிறவரின் முகம் எந்த அளவு பெரிதாக இருந்தாலும் அதை வாசிக்கத் தெரியாது.

அவர்கள் பிராண்டே போய்ச் சேர்வதற்குள் செய்தி முன்னால் போய்விட்டது. அம்மா போனில் அழுதார். "உன்னைக் கலைப் படிப்புக்கு விட்டதுக்கு இண்டைக்குத்தான் எனக்கு நிம்மதி," என்றார். பிரெடெரிசியாவிலிருந்து மூன்று குடும்பங்கள் தங்களிடமும் டிவிடி இருக்கிறது, எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டன. எல்லோருக்கும் ஓம் என்றேன்.

இனி அச்சு இயந்திரத்தின் கதை. ஸ்டூடியோவில், பின்னர் சேர்த்த ஒரு சிறிய அறையில், மூன்று மீட்டர் வரை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதை இரண்டு பேர் பதிவு செய்திருந்தார்கள். ஒருவர் லெக்டர். என் திரையில் அந்த முகத்தைக் கண்டுவிட்டார்; கோடைக் கண்காட்சிக்கு அது மூன்று மீட்டர் உயரத்தில் வேண்டும். மற்றவர் செயலாளர் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு அதே முகம் அதே மூன்று மீட்டரில் வேண்டும். படிவத்தில் அன்ரியின் பெயரில் ஏற்கனவே பதிவு இருந்ததால் அண்ணையை உள்ளே விட்டுவிட்டது கணினி. இரண்டு பதிவு மோதினால் எங்கள் விதிப்படி ஒரு "உரையாடல் கூட்டம்" வைக்க வேண்டும். மெட்டேயும் சேர்ந்து சோபாக்களில் உட்கார்ந்தோம். ஸ்டூடியோ கேக் கொண்டுவந்தது. அண்ணை ஒரு தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்தார். நான் மொழிபெயர்ப்பாளர்.

"முகத்தின் கீழே பெயர் வரக்கூடாது," என்றார் லெக்டர். "பெயர் போட்டால் அது வெறும் ஒரு ஆளாகிவிடும்."

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"பேர் வேண்டாமாம் அண்ணை."

"அட, எங்களுக்கும் பேர் வேண்டாம். பேர் போட்டால் ஒரு ஆளின்ரை பிரச்சினையாப் போயிடும். கீழை சங்கத்தின்ரை பேரைப் போடுவம். கொஞ்சம் சிவப்பும் கூட்டு, நெத்தியிலை."

இதை மொழிபெயர்த்தேன். லெக்டர் மூன்றாவது ரோல்ஸை எடுத்தார். "சுவாரசியம். ஆனால் நான் நிறத்தை முழுவதுமாக அகற்றத்தான் நினைத்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மீட்டர் என்பதில் இருவருக்கும் பூரண உடன்பாடு. இயந்திரத்தை முதலில் யாருக்கு விடுவது என்பது மட்டும்தான் பாக்கி. அன்ரியிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை; என் படம் மூன்று மீட்டரில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"செயல்முறையைக் காட்டு," என்றார் லெக்டர். "நீ எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாய்?"

சோபாக்களுக்கு எதிரே இருந்த பெரிய திரையில் கோப்பைத் திறந்தேன். மூன்று நாள் வேலையும் ஒன்பது அடுக்குகளாக இருந்தது, கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போல. மேலிருந்து ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டத் தொடங்கினேன். புருவம் போனது. கண்ணின் ஓரம் போனது. கன்னம், தாடை, மூக்கின் நிழல். கடைசி அடுக்கை அணைத்தபோது திரையில் இருந்தவை அகலத்தில் பதினொரு சதுரங்கள், மண் நிறத்தில். அதில் நேசன் இல்லை. யாருமே இல்லை. மெட்டே என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

லெக்டர் கை தட்டினார். "இதுதான்! இது இன்னும் நல்லது! ஒன்பது அடுக்கையும் ஒன்பது தனித் தாளாக அச்சடிப்போம்!"

அண்ணை தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டார். "பிள்ளை, உதை ஏன் எல்லாருக்கும் காட்டுறாய்?"

"அண்ணை, இது நேசன் மாமா இல்லை. நான் கீறினது."

"சனம் நம்பிட்டுது பிள்ளை."

"பிழையெல்லோ அண்ணை?"

"படம் நல்லாத்தானே இருக்கு. சாந்தி நாளையிண்டைக்குப் பத்து மணிக்குக் கதைக்கேக்கை நேசன்ரை மனிசிக்குச் சொல்லுவா, ஆள் வெளியாலை வந்திட்டுது, படம் இருக்கு எண்டு. அந்தப் பிள்ளை முகாம் வாசல்லை நிக்கிற ஆமிக்காரனிட்டைப் போய், என்ரை மனிசனை எங்கை வைச்சிருக்கிறியள் எண்டு கேக்கட்டும். அப்பதான் உலகம் திரும்பிப் பாக்கும்." சொல்லிவிட்டுக் கடைசி ரோல்ஸை எடுத்தார்.

இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, துவக்கு வைத்திருக்கிறவனிடம் போய், ஒரு பெண் கேட்கப் போகிறாள். அவளிடம் இருக்கும் சாட்சி, நான் வியாழக்கிழமை காலை கோப்பி குடித்துக்கொண்டே ஒட்டிய புருவம்.

அந்த நேரத்தில் என் கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். லெக்டரை மறுக்க நான் யார்? அண்ணையை மறுத்தால் பிராண்டேயில் அம்மா கடைக்குப் போக முடியாது. "கேபிள் ஒன்று பார்க்க வேண்டும்" என்று சொல்லி அச்சு அறைக்குப் போனேன். இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றினேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் "டெஃபெக்ட்", அதாவது பழுது, என்று டெனிஷில் எழுதி ஒட்டினேன். இந்த நாட்டில் சட்டத்தை மீறுகிறவர்கள் உண்டு, அரசியைப் பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு, ஆனால் அந்தத் தாள் ஒட்டிய இயந்திரத்தைத் தொடுகிறவர் ஒருவரும் இல்லை. லெக்டர் வந்து வாசித்தார், பெருமூச்சு விட்டார், போனார். அண்ணையும் வாசித்தார். இருபது வருடம் டென்மார்க்கில் இருந்தவர். அவரும் பிளக்கைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகு மெட்டே வந்து தாளின் நான்கு மூலைக்கும் இன்னும் ஒரு துண்டு டேப் ஒட்டினாள்.

அதை வீரம் என்று நினைக்காதீர்கள். இயந்திரத்தை நிறுத்துவது சுலபம். ஆளிடம் போய்ச் சொல்வதுதான் வேலை. அதை நான் சனிக்கிழமை பின்னேரம் வரை தள்ளிப் போட்டேன்.

அன்ரி காலை வேலை முடிந்து வந்து, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே தொடங்கினேன். புள்ளி, அடுக்கு, கூர்மை, ஒப்பீடு என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் சொன்னேன். கஷ்டமான ஒன்றைச் சொல்லப் போகும்போது தொழில் சொற்கள் தாங்களாகவே முன்னுக்கு வரும். அன்ரி கத்தியை வைத்தார். 

"கீறினனி எண்டு சொல்லன்."

"ஓம் அன்ரி. கீறினனான்."

"எனக்குத் தெரியும்."

அன்ரி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"நேசனுக்கு இந்தப் பக்கப் புருவம் பாதிதான். சின்னனிலை நான் தள்ளி வாளி விளிம்பிலை விழுந்தவன். கலியாணப் படத்திலை படக்காரன் கீறி நிரப்பினவன். மாப்பிள்ளைக்குப் புருவம் பாதியெண்டால் வடிவில்லையாம். நீ அதைப் பாத்துக் கீறியிருக்கிறாய்."

அந்தப் படக்காரன் கிளிநொச்சியில் எங்கோ ஒரு சிறிய ஸ்டூடியோவில் இருந்திருப்பான். அவனும் நானும் ஒரே தொழில்.

"அப்ப ஏன் அன்ரி வியாழக்கிழமையே சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்ல? அவர் நிண்டு துள்ளுறார். நீ மூண்டு நாள் சாப்பிடாத முகத்தோடை என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறாய். வீட்டை வந்தால் இருபது பேர் போன். எல்லாரும் அவன்தான் எண்டினம். ஒரு கட்டத்திலை எனக்கே யோசனை வந்திட்டுது, அந்தப் புருவம் பிறகு முளைச்சிருக்குமோ எண்டு."

அன்ரி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

"நாளைக்கு நேசன் மாமாவின்ரை மனிசிக்கு என்ன சொல்லப் போறியள்? அவ ஆமிக்காரனிட்டைப் போய்க் கேக்கட்டும் எண்டு அண்ணை சொல்லுறார்."

"இப்ப வரைக்கும், கண்டனான் எண்டு சொல்லத்தான் இருந்தனான். ஒரு கிழமையாவது அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளட்டும் எண்டு." வெங்காயத்தை ஒரு பக்கம் தள்ளினார். "அவள் போய் வாசல்லை நிண்டு கேப்பாள் எண்டு எனக்குத் தோன்றேல்லை. நீ இப்ப சொல்லேக்கைதான்... தேடுறம் எண்டு சொல்லுவன். அது பொய்யில்லை."

அப்படித்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் மறு வருடம் முகாமிலிருந்து வெளியே வந்தார்கள். நேசன் மாமாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்ரி என்னைக் குறை சொன்னதில்லை, மன்னித்துவிட்டேன் என்றும் சொன்னதில்லை. பிரெடெரிசியாவின் மூன்று குடும்பங்களுக்கும் நான் போன் எடுத்து ஏலாது என்றேன். இரண்டு பேர் ஏசினார்கள். ஒருவர் போனை வைக்காமல் நெடுநேரம் அப்படியே இருந்தார். நானும் வைக்காமல் இருந்தேன். இந்தக் கதிரையில் ஏழு வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை என்றால் அதைத்தான் சொல்வேன்.

சனிக்கிழமைக்கே திரும்புகிறேன். நான் புறப்பட எழுந்தபோது அன்ரி கையை நீட்டினார்.

"என்ரை டிவிடி எங்கை?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அன்ரி முன்னறைக்குப் போய் அதைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து குசினி வாசலில் சாய்ந்து நின்றார். தொலைக்காட்சி, முன்னறையின் மற்ற மூலையில் இருந்தது. சனம் தண்ணீரில் நடந்தது. மூட்டைகள், தலைகள், தோளில் ஒரு பிள்ளை. எனக்குப் பழக்கம், என்னை அறியாமலே திரையை நோக்கி நடக்கத் தொடங்கினேன்.

"கிட்டப் போகாதை பிள்ளை. இஞ்சாலை வா."

திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

"இவ்வளவு தூரத்திலை நிண்டு பார். நீலச் சாரம். இந்தா, திரும்புறான்."

அந்தத் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு மனிதன் கழுத்தைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தான். முகம் ஒரு நகத்தளவு இருக்கும். ஆறு செக்கன் முடிந்து திரை கறுப்பானது. அன்ரி ரிமோட்டை அழுத்தினார். சனம் மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது.